இரண்டு டேங்க், மூன்று வால்வு, ஒரு மிதி பம்ப்

பாய்மரப் படகில் குடிதண்ணீர் லைன் புதிதாகப் போடப் போகிறேன் என்றால், கேட்கிறவர்கள் நேராகப் பம்புக்குத்தான் வருவார்கள். என்ன பிராண்டு, எத்தனை பிஎஸ்ஐ அழுத்தம், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர். நான் பம்பைக் கடைசியாகத்தான் வாங்கினேன். வாங்குவதற்கு முன் போட்டுப் பார்த்த கணக்கு ஒன்று உண்டு.

படகுகளில் வழக்கமாகப் போடும் 12 வோல்ட் டயாஃப்ரம் பம்ப் (ரப்பர் சவ்வு அசைந்து தண்ணீரைத் தள்ளும் வகை) நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டர் தள்ளும். குழாயைத் திறந்தால் லைனில் பிரஷர் இறங்கும். பம்பிலேயே இருக்கும் சுவிட்ச் மோட்டாரை ஓட விடும். குழாயை மூடினால் பிரஷர் ஏறி, பெரும்பாலான பம்புகளில் 40 பிஎஸ்ஐ வாக்கில் மோட்டார் நின்றுவிடும். சௌகரியம்தான். இப்போது நடுராத்திரி, படகு அலையில் அடிபட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, சிங்க்குக்கு அடியில் ஒரு ஹோஸ் கழன்றுகொண்டது என்று வையுங்கள். பிரஷர் இறங்கிவிட்டது, பம்ப் ஓடுகிறது. 150 லிட்டர் டேங்க் 14 நிமிடத்தில் காலி. கொட்டிய தண்ணீர் படகின் அடிக்குழியான பில்ஜில் சேர, அங்கே மிதவை சுவிட்சோடு காத்திருக்கும் பில்ஜ் பம்ப் அதை அள்ளிக் கடலில் ஊற்றுகிறது. இரண்டு பம்பும் ஒரு குறையும் வைக்காமல் தத்தம் கடமையைச் செய்துவிட்டன. விடிந்து காபிக்குத் தண்ணீர் பிடிக்கும்போதுதான் விஷயம் தெரியவரும்.

"பம்புக்கு அறிவு கிடையாது பாத்துக்க தம்பி. பிரஷர் விழுந்தா ஓடும், அவ்ளோதான். கொழாய நீ தொறந்தியா, பைப்பு தானா பிஞ்சுதான்னு அதுக்கு என்ன தெரியும்?" என்பார் சீஃப்.

சீஃப் தூத்துக்குடிக்காரர். டேங்கர் கப்பல்களில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்று, பினாங்கில் மகள் வீட்டில் இருக்கிறார். இந்த வேலையில் பாதி அவர் சொன்ன புத்தி, மீதி அவரோடு போட்ட சண்டை.

படகு 36 அடி. 1980களில் இங்கிலாந்தில் கட்டியது. உலகம் சுற்றக் கிளம்பி, பாதி வழியில் மலேசியாவின் லங்காவியோடு போதும் என்று படகை விற்றுவிட்டு விமானம் ஏறுகிறவர்கள் உண்டு. அப்படி ஒருவர் விட்டுப்போன படகு இது. லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு. படகுச் சாமான் வெளியிலிருந்து வரவழைப்பது மற்ற இடங்களைவிட இங்கே சுலபம். ஒன்று வரவில்லையென்றால் ஃபெரி ஏறிப் பெருநிலத்துக்குப் போக வேண்டும், அது வேறு கதை.

உட்காரும் பெஞ்சுகளுக்கு அடியில் இடப்புறம் ஒரு டேங்க், வலப்புறம் ஒரு டேங்க். இரண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஒவ்வொன்றும் 150 லிட்டர் வாக்கில் கொள்ளும். முன்பு வைத்திருந்த யாரோ இரண்டையும் அடிமட்டத்தில் ஒரே ஹோஸால் கோத்து, நடுவில் T வடிவ இணைப்பு ஒன்று வைத்து, அங்கிருந்து பம்புக்கு லைன் எடுத்திருந்தார். வால்வு என்று ஒன்றுகூடக் கிடையாது. ஜெட்டியில், அதாவது படகுத்துறையில், கட்டிக் கிடக்கும் படகுக்கு இதைவிடச் சௌகரியம் இல்லை. ஒரு பக்கம் ஊற்றினால் இரண்டும் நிரம்பும், இரண்டும் ஒன்றாக இறங்கும்.

பாய் ஏற்றியதும் கதை மாறிவிடுகிறது. பக்கவாட்டுக் காற்றில் ஓடும் படகு 20 டிகிரி சாய்வது அன்றாடம் நடப்பது. இரண்டு டேங்குகளுக்கும் நடுவே 2 மீட்டர் தூரம் என்றால், அந்தச் சாய்வில் ஒன்று மற்றதைவிட 68 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். டேங்கின் உயரமே அவ்வளவு கிடையாது. அதனால் மேல்டேங்கில் ஒரு சொட்டு தங்காமல் கீழே இறங்கிவிடும். இரண்டும் பாதி பாதி இருந்தால் 75 லிட்டர், அதாவது 75 கிலோ, படகு சாயும் பக்கத்துக்கே போய்ச் சேர்கிறது. மேல்பக்கம் உட்கார்ந்து படகை நிமிர்த்த வேண்டிய ஓர் ஆள் எழுந்து கீழ்பக்கம் போய் உட்கார்ந்த கணக்கு. சில போட்டிப் படகுகளில் இதற்கு நேர்மாறாக, காற்று வரும் பக்கத்து டேங்குக்குத் தண்ணீரை ஏற்றிப் படகை நிமிர்த்துகிறார்கள். நம் படகு வேகத்தைக் குறைக்க அதே வித்தையைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தது.

இரண்டும் நிறைந்திருந்தால் இன்னும் மோசம். கீழ்டேங்கில் இடமில்லை, மேலேயிருந்து தண்ணீர் அழுத்துகிறது. வழி ஒன்றுதான், கீழ்டேங்கின் வெண்ட், அதாவது காற்று போக வர வைத்த குழாய். அந்த வெண்ட் படகின் பக்கச்சுவரில், மேல்தளமான டெக்குக்குச் சற்று கீழே இருந்தது. நல்ல தண்ணீர் அந்த வழியாக வெளியே போகும். நன்றாகச் சாய்ந்தால் வெண்ட் கடலுக்குள் முங்கி உப்புத்தண்ணீர் உள்ளே வரும். தடுக்க வால்வு இல்லாததால் அந்த உப்பு இரண்டு டேங்கிலும் கலக்கும்.

தண்ணீர் கசிந்து போவது ஒரு ஆபத்து, இருக்கும் தண்ணீர் கெட்டுப்போவது இன்னொன்று. 1968–69இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி வந்த 'சுஹைலி', பம்பாயில் தேக்கில் கட்டிய 32 அடிப் படகு. தென்கடலில் அதன் டேங்க் தண்ணீர் கெட்டுவிட்டது. மழைநீரைப் பிடித்துத்தான் அவர் மீதித் தூரத்தைக் கடந்தார். 1969 ஏப்ரல் 22 அன்று ஃபால்மத் துறைமுகத்தில் வந்து சேர்ந்தபோது 312 நாள் ஆகியிருந்தது. அவரளவுக்கு எனக்கு ஆசையில்லை. லங்காவியிலிருந்து இலங்கையின் காலி துறைமுகம் சுமார் 1,200 கடல் மைல். வடகிழக்குப் பருவக்காற்றில், மணிக்கு 5 கடல் மைல் வைத்தால் 10 நாள். மூன்று பேர், குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 4 லிட்டர் என்றால் 120 லிட்டர். இந்த 120தான் என் வேலைக்கு அளவுகோல். எந்த ஒரு ஹோஸ் பிய்ந்தாலும், எந்த ஒரு டேங்கில் உப்போ டீசலோ கலந்தாலும், மற்றதில் 120 லிட்டர் தொடாமல் இருக்க வேண்டும்.

ஆகவே நடு ஹோஸை முதலில் வெட்டினேன். இப்போது ஒவ்வொரு டேங்கிலிருந்தும் தனி ஹோஸ், தனி பால் வால்வு (உள்ளே பந்து சுழன்று திறந்து மூடும் வகை). இரண்டும் சிங்க்குக்கு அடியில் பல குழாய்கள் கூடும் ஒரு பித்தளை மேனிஃபோல்டில் சேர்கின்றன. அங்கிருந்து ஒரு கிளை மிதி பம்புக்கு. இன்னொரு கிளை, மூன்றாவது வால்வு வழியாக, மின்சாரப் பிரஷர் பம்புக்கு. எப்போதும் ஒரு டேங்க் வால்வு மட்டும்தான் திறந்திருக்கும். ஒன்று தீர்ந்தால் மற்றதைத் திறப்போம். தீரும்போது குழாய் 'புஸ்' என்று காற்றைத் துப்பும். பாதித் தண்ணீர் முடிந்தது என்பதை இதைவிடத் துல்லியமாக எந்த மீட்டரும் சொல்லாது.

மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. டேங்க் சென்சார்களில் ஐரோப்பிய வகை டேங்க் காலியானால் 10 ஓம், நிறைந்தால் 180 ஓம். அமெரிக்க வகை காலியானால் 240, நிறைந்தால் 33. ஒன்றின் சென்சாரை மற்றதன் மீட்டரோடு இணைத்தால் டேங்க் தீரத் தீர முள் ஏறிக்கொண்டே போகும். பழைய படகு வாங்குகிறவர்கள் முள்ளை நம்புவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்க்கவும்.

டேங்குகளின் கதைக்கு வருகிறேன். மேலே இருந்த மூடியைக் கழற்றியதும் உள்ளே பழுப்பு நிறத்தில் வழவழப்பு. கையை விட்டுத் துடைத்தால் பாதிதான் எட்டியது. நடுவே ஒரு தடுப்புத் தகடு. அந்தத் தகடு கட்டாயம் வேண்டும். பாதி நிறைந்த டேங்கோடு அலையில் போவது, அகலமான தட்டில் ரசத்தை ஊற்றித் தூக்கிக்கொண்டு நடப்பது மாதிரி. தடுப்பு இல்லாவிட்டால் அத்தனை தண்ணீரும் ஒரே பக்கமாக ஓடி மோதும். ஆனால் தகட்டுக்கு அந்தப்பக்கம் கழுவ வழியே வைக்கவில்லை. டேங்க் செய்தவர் தன் கையால் அதைக் கழுவப் போவதில்லை அல்லவா! அந்த அறைக்கு மேலேயும் வட்டமாக வெட்டி, கை முழங்கை வரை போகிற அளவுக்கு இன்னொரு மூடி போட்டேன்.

இடப்புற டேங்கில் அடித்தட்டு வெல்டிங் ஓரமாக ஊசித் துளைகள். ஸ்டெயின்லெஸ் என்ற பெயரை நம்பிப் பலர் ஏமாறும் இடம் இது. அசையாமல் கிடக்கும் குளோரின் கலந்த தண்ணீர், வெல்டிங்கின் சூடு பட்ட ஓரத்தைத்தான் முதலில் அரிக்கும். ஆள் இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்த படகின் டேங்க், ஓயாமல் ஓடிய படகின் டேங்கைவிட மோசமாக இருப்பது அதனால்தான். துளையை வெல்டு வைத்து அடைக்கலாம். ஆனால் பக்கத்திலேயே மெலிந்துபோன இரும்பு அடுத்த துளைக்குத் தயாராக இருக்கும். அதைக் கழற்றிவிடத் தீர்மானித்தோம். கழற்றினால் வெளியே வராது! டெக்கை மூடுவதற்கு முன் உள்ளே வைத்த டேங்க், படிக்கட்டு வாசலைவிட அகலம். கிரைண்டரால் துண்டு துண்டாக வெட்டி எடுத்தோம். அந்த வேலையைப் பற்றி விவரிக்க ஒன்றுமில்லை. சத்தம், புகை, பெஞ்ச் மெத்தையெல்லாம் இரும்புத் தூள்.

அந்த இடத்தில் வந்தது 120 லிட்டர் பாலிஎத்திலீன் டேங்க், வாசல் வழியாக நுழைகிற அளவு. ரப்பர் பை போல மடித்து உள்ளே நுழைக்கிற வளையும் டேங்குகளும் கிடைக்கும், விலையும் குறைவு. படகு ஆடும்போது பை தேயும், தேய்கிற இடம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு சீசனுக்கு, அவசரத்துக்குப் போடலாம். காலி துறைமுகம் வரை போகிற படகில் வேண்டாம் என்று விட்டேன். சீஃப் இதில் என் கட்சி.

வெண்ட் விஷயத்தில்தான் எனக்கு நிறைய நேரம் போனது, போக வேண்டியதும்தான். டேங்க் நிரம்பிய பிறகும் டெக் வாய் (டெக்கில் தண்ணீர் ஊற்றும் திறப்பு) வரை ஊற்றினால், டேங்கின் தலைக்கு மேல் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். ஒரு மீட்டர் என்றால் 0.1 பார் அழுத்தம் மட்டுமே. டேங்கின் மேல்தகடு 1 மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம் என்றால் அந்த 0.1 பார் தகட்டை மேல்நோக்கித் தள்ளும் விசை கிட்டத்தட்ட 500 கிலோ! அரை டன். ஜெட்டிக் குழாயின் பிரஷரை இன்னும் சேர்க்கவே இல்லை. ஹோஸின் முனையை டெக் வாயில் இறுக்கச் செருகிவிட்டு, வெண்டும் அடைத்துக்கொண்டால், டேங்க் வீங்கி மேலே பெஞ்சுப் பலகையைத் தூக்கிவிடும். எதிர்த் திசையிலும் நடக்கும். வெண்ட் அடைத்திருக்கும்போது பம்ப் இழுத்தால் பிளாஸ்டிக் டேங்க் உள்ளே ஒடுங்கும், பம்ப் சும்மா கத்தும், தண்ணீர் வராது. ஆள் பம்பைக் கழற்றிப் பார்ப்பார், கோளாறு வெண்டில் இருக்கும். இந்த ஊரில் அதற்குக் காரணம் பெரும்பாலும் குளவி. மண்ணைக் குழைத்துக் கூடு கட்டும் குளவிக்கு விரல் நுழைகிற ஓட்டை கிடைத்தால் போதும்.

பக்கச்சுவரிலிருந்த பழைய வெண்டுகளை அடைத்துவிட்டேன். இப்போது 19 மில்லிமீட்டர் ஹோஸ் டேங்கின் தலையிலிருந்து டெக்கின் அடிவரை ஏறி, படகின் நடுக்கோட்டுக்கு அருகே, அடுக்களைச் சிங்க்குக்கு மேலே கீழ்நோக்கி வளைகிறது. முனையில் ஸ்டெயின்லெஸ் வலை. நடுக்கோட்டில் இருப்பதால் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதன் உயரம் அதிகம் மாறாது. கடல் தொட வழியில்லை. டேங்க் நிரம்பினால் சிங்க்கில் சொட்டும், டெக்கில் ஹோஸ் பிடித்திருப்பவருக்கு உள்ளேயிருந்து ஒருவர் குரல் கொடுக்கலாம். டெக் வாயின் ரப்பர் ஓ-ரிங்கையும் அன்றே மாற்றினேன். டெக்கில் புரளும் அலை நல்ல தண்ணீரில் கலப்பது பெரும்பாலும் காய்ந்து வெடித்த அந்த ஓ-ரிங் வழியாகத்தான். டீசல் வாய்க்கும் தண்ணீர் வாய்க்கும் ஒரே மாதிரி மூடி போட்டிருந்தார்கள். தண்ணீர் மூடியைச் சுற்றி நீலப் பெயிண்ட் அடித்து, சாவியையும் வேறாக்கினேன்.

டேங்குகளை மூடி மேலே பலகை போடுவதற்கு முன் ஒரு சோதனை. டெக் வாய் உயரம் வரை ஹோஸைத் தூக்கிக் கட்டித் தண்ணீர் ஊற்றி, எல்லா இணைப்பையும் சுற்றி டிஷ்யூ பேப்பர் வைத்து, ஒரு ராத்திரி விட்டோம். கம்ப்ரெசர் வைத்துக் காற்றடித்துச் சோதிக்க ஒரு பையன் தயாராக இருந்தான். சீஃப் அவனை விரட்டாத குறை. அடைபட்ட காற்று வெடித்தால் ஆளை அடிக்கும். தண்ணீர் அழுத்தத்தில் தகடு விட்டுக்கொடுத்தால் தரை நனையும், அதோடு சரி.

இனி ஹோஸ். உறிஞ்சும் பக்கத்துக்குச் சுருள் கம்பி வைத்த 19 மில்லிமீட்டர் ஹோஸ், உணவுக்கு ஏற்றது என்று அச்சிட்டது. சாதாரண மெல்லிய ஹோஸ் போட்டால் வளைவில் பம்பின் இழுப்புக்கு ஒட்டிக்கொள்ளும். ஹார்ட்வேர் கடையில் சுருட்டி வைத்திருக்கும் கண்ணாடி போன்ற ஹோஸ் பார்க்க அழகு, உள்ளே என்ன ஓடுகிறது என்றும் தெரியும். வெளிச்சம் படுவதால் சில வாரத்தில் பாசியும் தெரியும். எந்த ஹோஸ் வாங்கினாலும் ஒரு துண்டில் தண்ணீர் பிடித்து இரண்டு முனையையும் அடைத்து ஒரு நாள் வெயிலில் போட்டுவிட்டுக் குடித்துப் பாருங்கள். வாங்குவதா வேண்டாமா என்று நாக்கு சொல்லிவிடும். ஹோஸை இறுக்கும் கிளிப் வாங்கும்போது பாக்கெட்டில் ஒரு காந்தம் இருக்கட்டும். 'ஸ்டெயின்லெஸ்' என்று விற்கும் கிளிப்புகளில் பட்டை மட்டும் ஸ்டெயின்லெஸ், திருகாணி வெறும் இரும்பாக இருக்கும். இரண்டு வெள்ளி (ரிங்கிட்) மிச்சப்படுத்திய கிளிப் துருப்பிடித்து விழும் இடம்தான் தொடக்கத்தில் சொன்ன அந்தச் சிங்க்கின் அடி.

மரை விஷயம் இதைவிடத் தந்திரமானது. மலேசியாவில் கிடைப்பதெல்லாம் பிரிட்டிஷ் மரை. பம்புகளும் ஃபில்டர்களும் பெரும்பாலும் அமெரிக்க மரையோடு வருகின்றன. கால் அங்குலத்திலோ ஒரு அங்குலத்திலோ இரண்டும் சேரவே சேராது, கையிலேயே தெரிந்துவிடும். அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்குமே அங்குலத்துக்கு 14 மரை. மரையின் கோணம் மட்டும் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. அதனால் இரண்டு மூன்று சுற்று அழகாக ஏறும், பிறகு முரண்டு பிடிக்கும். ஸ்பேனர் போட்டு இறுக்கினால் உள்ளே போய்விடும், டெஃப்லான் டேப்பை இன்னும் நாலு சுற்று சுற்றினால் சோதனையின்போது சொட்டவும் செய்யாது. கடலில் அதிர்வு வந்த பிறகு சொட்டும், அல்லது பம்பின் பிளாஸ்டிக் வாய் கீறும். படகிலேயே பிரிட்டிஷ், அமெரிக்கன் என்று பிரித்து இரண்டு டப்பா வைத்திருக்கிறேன். இடைமாற்று ஃபிட்டிங் மட்டும் வெளியிலிருந்து வரவழைத்தேன். பிளாஸ்டிக்கும் உலோகமும் சேரும் இடத்தில், உள்ளே போகும் துண்டு பிளாஸ்டிக்காக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் வாய்க்குள் பித்தளையை இறுக்கினால் வாய் பிளந்துவிடும்.

பம்பைத் தாண்டியதும் 15 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பைப், தள்ளினால் கவ்விக்கொள்ளும் ஃபிட்டிங். ஸ்பேனரே வேண்டாம், மூலையில் படுத்துக்கொண்டு ஒரு கையால் மாட்டலாம். ஒரே நிபந்தனை, பைப்பை ஹேக்சாவால் அறுக்காமல் அதற்குரிய கட்டரால் நேராக வெட்ட வேண்டும். பிசிறு இருந்தால் உள்ளே இருக்கும் ஓ-ரிங்கைக் கீறும்.

அடுத்தது கலோரிஃபயர். இங்கிலாந்துப் படகாயிற்றே, 40 லிட்டர் வெந்நீர் டேங்க் ஒன்று படகோட்டும் இடமான காக்பிட்டுக்கு அடியில் இருந்தது. இன்ஜினின் கூலண்ட் அதன் சுருள் குழாய் வழியாக ஓடித் தண்ணீரைச் சூடாக்கும். குளிர்தேசத்தில் அற்புதமான ஏற்பாடு, இன்ஜின் சூடு எப்படியும் வீணாகத்தான் போகிறது. ஆனால் 28 டிகிரித் தண்ணீர் 80க்குப் போனால் 40 லிட்டர் 41 லிட்டராக விரியும். அந்த ஒரு லிட்டருக்கு இடம் வேண்டும், இல்லையென்றால் ரிலீஃப் வால்வு திறந்து பில்ஜில் கொட்டும். பின்னோக்கி ஓடாமல் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு, கை வெந்துபோகாமல் இருக்கக் கலப்பு வால்வு, விரிவுக்கு ஒரு சிறு டேங்க், போக வர ஹோஸ். எண்ணிப் பார்த்தால் மொத்த லைனின் இணைப்புகளில் கிட்டத்தட்ட பாதி இந்த ஒன்றுக்காக. இன்ஜின் ஓடாத நாட்களில் உள்ளே வெதுவெதுப்பாகத் தண்ணீர் கிடக்கும். லெஜியனெல்லா கிருமி செழிப்பது 20 முதல் 45 டிகிரிக்குள், சாவது 60க்கு மேல். லங்காவியில் குழாயைத் திறந்தாலே குளிக்கிற சூட்டில் தண்ணீர் வருகிறது. கழற்றி, நியூசிலாந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு தம்பதிக்குக் கொடுத்துவிட்டேன். அவர்களுக்கு அது பொக்கிஷம்.

பிரஷர் பம்புக்கு முன்னால் தூசி வடிகட்ட ஒரு ஸ்ட்ரெய்னர், இரண்டு பக்கமும் ஒரு முழம் வளையும் ஹோஸ், காலில் ரப்பர். இல்லாவிட்டால் பம்பின் அதிர்வு பலகைக்கு ஏறி, படகு முழுக்க மத்தளம். சுவிட்சைக் கடல் வரைபடம் விரிக்கும் சார்ட் டேபிள் பக்கத்தில், சிவப்பு விளக்கோடு வைத்தேன். துறைமுகத்தில் குளிக்கும்போது, பாத்திரம் கழுவும்போது போடுவோம். நங்கூரம் தூக்கியதும் அது அணைந்திருக்க வேண்டும், மூன்றாவது வால்வும் மூடியிருக்க வேண்டும். கடலில் மிதி பம்ப் மட்டும்தான்.

மிதி பம்பைப் பழைய பாணி என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை சாய்ந்த படகில் சமைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கை எதையாவது பிடித்திருக்கும், ஒரு கையில் பாத்திரம். காலால் மிதித்தால் கொஞ்சம் தண்ணீர், மிதிக்காவிட்டால் இல்லை. மின்சாரம் வேண்டாம். ஹோஸ் கழன்றாலும் யாரும் மிதிக்காத வரை பம்ப் ஒன்றையும் கொட்டாது. தண்ணீர்ச் செலவு குறைவதற்கு உபதேசம் எதுவும் தேவைப்படவில்லை, கால் வலிதான். பக்கத்திலேயே இன்னொரு மிதி பம்ப் கடல்நீருக்கு. சாப்பிட்ட தட்டை முதலில் அதில் அலசி, கடைசியாக ஒரு மிதி நல்ல தண்ணீர். இரண்டுக்கும் டயாஃப்ரம் கிட் வாங்கி வைத்திருக்கிறேன், மாற்றுவதற்கு ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும்.

சீஃபோடு பெரிய சண்டை அக்யுமுலேட்டரில் வந்தது. லைனில் ஒரு சிறு டேங்க், உள்ளே ரப்பர் பை, அடைத்த காற்று. அது இருந்தால் குழாயைக் கொஞ்சம் திறக்கும்போதெல்லாம் பம்ப் விட்டு விட்டு அடிக்காது, தண்ணீர் சீராக வரும். கப்பல்களில் இதையே பெரிய அளவில் ஹைட்ரோஃபோர் டேங்க் என்று வைத்திருப்பார்கள்.

"இது இல்லாம லைனா? பம்பு சுவிட்ச் ஆறு மாசத்துல கருகிரும் தம்பி."

"கருகட்டும் சீஃப். எங்கயோ சொட்டுதுன்னா பம்ப் நடுராத்திரி தானா 'டர்ர்'ன்னு ஒரு தடவை அடிக்கும்ல, அந்தச் சத்தம் எனக்கு வேணும். நீங்க சொல்றத வச்சா அது மணிக்கணக்கா அமுக்கி வச்சிரும்."

"கப்பல்ல நாங்க காதை வச்சா லீக் கண்டுபிடிச்சோம்?"

"கப்பல்ல இருபது பேர் இருந்தீங்க."

கடைசியில் ஒரு லிட்டர் கொள்ளும் மிகச் சிறியதை வைத்துக்கொண்டோம். பம்ப் ஓட ஆரம்பிக்கும் பிரஷருக்குக் கொஞ்சம் கீழே அதில் காற்று வைக்க வேண்டும், அதுவும் லைனில் தண்ணீர் இல்லாதபோது. இதை மட்டும் இருவரும் ஒப்புக்கொண்டோம்.

எல்லாம் மாட்டிய பிறகு கிருமிநீக்கம். வாசனை சேர்க்காத, 5 சதவீதக் குளோரின் உள்ள வீட்டு பிளீச் 100 மில்லி, 100 லிட்டர் தண்ணீருக்கு. லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரும். கார்பன் ஃபில்டரை முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் குளோரின் முழுவதையும் அதுவே விழுங்கிவிடும். ஒவ்வொரு குழாயிலும் வாடை வரும்வரை ஓட விட்டு, நாலு மணி நேரம் வைத்திருந்து, முழுக்க இறக்கி, இரண்டு தடவை நல்ல தண்ணீரால் அலசினோம். ஸ்டெயின்லெஸ் டேங்கில் ராத்திரி முழுக்க விடக் கூடாது, காரணம் மேலே சொன்ன துளைகள். வாடை போக வினிகர் ஊற்றச் சொல்லும் யோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. பிளீச் முழுவதும் போகாமல் வினிகர் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய படகுக்குள், குனிந்து டேங்குக்குள் தலையை விட்டிருக்கும் ஆளுக்கு அது விளையாட்டில்லை.

கடல்நீரைக் குடிநீராக்கும் வாட்டர்மேக்கர் ஏன் வைக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு: கடல்நீரைச் சவ்வின் வழியே 55 பார் அளவுக்கு அழுத்த வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும், துறைமுகத்து எண்ணெய்ப் படலம் சவ்வைக் கெடுக்கும், குளோரின் பட்டாலும் கெடும். பெரிய கடல் கடப்பவர்களுக்கு நியாயமான செலவு. 10 நாளுக்கு எனக்கு மழையே போதும் என்று நினைக்கிறேன். காக்பிட் மேல் கட்டும் துணி 6 சதுர மீட்டர். 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 60 லிட்டர். முதல் சில நிமிடம் உப்பைக் கழுவ விட்டு, பிறகு வாளியில் பிடித்து, நாக்கில் வைத்துப் பார்த்த பின்தான் டேங்கில் ஊற்றுவது. அதுவும் வால்வு மூடியிருக்கும் டேங்கில் ஒருபோதும் இல்லை, ஓடிக்கொண்டிருக்கும் டேங்கில் மட்டும்.

டேங்க் சிறிதானதால் இடப்புற பெஞ்சுக்கு அடியில் மிஞ்சிய இடத்தில் மூன்று 20 லிட்டர் ஜெர்ரி கேன். எந்தக் குழாயோடும் இவற்றுக்குத் தொடர்பில்லை. கழுத்து வரை நிரப்பாமல் நாலு விரல் காற்று விட்டிருக்கிறேன். நல்ல தண்ணீர் கடல்நீரைவிட இலேசு, கூடவே அந்தக் காற்றும் இருப்பதால் கேன் மிதக்கும். படகை விட்டு உயிர்காப்புத் தெப்பத்தில் ஏற வேண்டி வந்தால், கேனைத் தண்ணீரில் எறிந்துவிட்டுப் பிறகு இழுத்துக்கொள்ளலாம். அதற்காக ஒவ்வொரு கைப்பிடியிலும் மூன்று மீட்டர் கயிறு கட்டியிருக்கிறது. நிரப்பிய தேதியை மார்க்கரில் எழுதி வைக்கிறேன். மாதம் ஒருமுறை அந்தத் தண்ணீரில் டெக்கைக் கழுவிவிட்டுப் புதிதாகப் பிடிப்போம்.